இரண்டாவது தட்டு

"அண்ணா, காத்து நிக்கவே மாட்டேங்குதுங்ண்ணா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் துப்பாக்கிப் பெட்டியை என் மேசைமேல் வைத்தாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கூட வந்த அப்பா சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். துப்பாக்கி அவர்களுடையதல்ல, கிளப்புடையது. பத்து மீட்டர் போட்டிக்கான ஜெர்மன் ஏர் ரைபிள். நாலைந்து கை மாறி வந்திருந்தது.

"எத்தனை ஷாட்டுக்கு நிக்கமாட்டேங்குது அம்மணி?"

"மேட்ச்சுக்கு அறுபதுங்ண்ணா. அதுக்கு முந்தி சைட்டிங் ஒரு இருபத்தஞ்சு. முன்னெல்லாம் 200 பார்ல ஆரம்பிச்சா எல்லாம் முடிஞ்சும் 145-ல நிக்கும். இப்ப மேட்ச்சுல அம்பதாவது ஷாட்டுக்கே 90-க்கு வந்துருது. பயந்துக்கிட்டு நடுவுல சிலிண்டர் மாத்த வேண்டியிருக்குது."

அவள் அப்பா இடையில் புகுந்தார். "ஏனுங்க, எங்கியாவது ஓட்டை கீட்டை இருக்குமுங்களா?"

முதலில் எனக்கும் அதே சந்தேகம்தான். சிலிண்டரை மாட்டி, மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். காலையில் முள் ஒரு கோடு கூட இறங்கவில்லை. கசிவு இல்லை. காற்று போவது சுடும்போதுதான். பெல்லட் போட்டு, மண் நிரப்பிய பெட்டியைப் பார்த்து ஒரு ஷாட் வைத்தேன். நல்ல போட்டித் துப்பாக்கி சுட்டால் 'டப்' என்று ஒரே சத்தம், கதவில் விரலால் தட்டியதுபோல வரும். இது 'டப்ர்ர்' என்றது. அந்த வால்தான் எனக்கு வேண்டிய தகவல். காற்று அந்த வாலில்தான் போய்க்கொண்டிருந்தது.

ஏர் ரைபிளின் உள்ளே நடப்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. ரெகுலேட்டர் அதை ஒரே அளவான குறைந்த அழுத்தத்துக்கு இறக்கி, வால்வுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் நிறுத்தி வைக்கிறது. வால்வு என்பது ஒரு தண்டும் அதன் தலையும். தலை ஒரு வட்டமான சீட்டில் உட்கார்ந்திருக்கும். உள்ளே இருக்கும் காற்றே அதை அழுத்தி மூடி வைத்திருக்கிறது. ட்ரிகரை இழுத்தால், பின்னால் ஸ்பிரிங்கில் இழுபட்டு நின்ற ஹேமர் விடுபட்டு ஓடிவந்து தண்டின் வாலில் மோதும். வால்வு ஒரு கணம் திறக்கும், காற்று துளை வழியே பாய்ந்து பெல்லட்டைத் தள்ளும், உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தம் வால்வை மறுபடி மூடும். இந்த ஏற்பாடு புதிதல்ல. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை எடுத்துக்கொண்ட ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கியிலும் காற்று பின்கட்டையில் இருந்தது, ஒரு தட்டு தட்டித்தான் அதன் வால்வைத் திறந்தார்கள். லூயிஸ், கிளார்க் என்ற ஆய்வுப் பயணிகள் 1804-ல் அமெரிக்காவின் மேற்கு நோக்கிப் புறப்பட்டபோது கூடக் கொண்டுபோன துப்பாக்கி அது.

வால்வு மூடும்போது தண்டு பின்னால் வரும். வரும்போது அது சும்மா வராது, ஹேமரையும் எட்டித் தள்ளும். ஹேமர் பின்னால் போகும். அங்கே ஸ்பிரிங் காத்திருக்கும், திரும்ப முன்னால் தள்ளும். ஹேமர் மறுபடி தண்டைத் தட்டும். இரண்டாவது தட்டுக்கு வால்வு திறந்துவிட்டால், அந்தக் காற்று வெறும் குழலுக்குள் வீணாகப் போகும். சில சமயம் மூன்றாவது தட்டும் உண்டு. தொழிலில் இதை பவுன்ஸ் என்பார்கள். நான் இரண்டாவது தட்டு என்றே சொல்வேன், ஏனென்றால் நான் அதை முதலில் பார்த்தது துப்பாக்கியில் இல்லை.

என் பெரியப்பா கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் முனை தட்டிக் கொடுப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் துருத்தி ஊதுவது என் வேலை. சுத்தியல் பழுக்கக் காய்ந்த இரும்பில் விழுந்தால் அங்கேயே உட்காரும். தவறி வெறும் அடைகல்லில் விழுந்தால் எகிறி, டக்-டக்-டக் என்று தானாகவே தட்டிவிட்டு நிற்கும். "இரும்பு வாங்கிக்கிட்ட அடி திரும்பி வராதுடா. மிச்சப்பட்டதுதான் திரும்பி வரும்" என்பார். பிறகு பீளமேட்டில் பம்ப்செட் ஃபேக்டரியில் லேத்தில் நின்றேன், ஃபுட்வால்வு சீட்டு ஆயிரக்கணக்கில் கடைந்தேன், ஒரு ரைபிள் கிளப் செயலாளர் கேட்டுக்கொண்டதால் துப்பாக்கி வேலைக்கு வந்தேன். இருபது வருஷமாகப் பெரியப்பா சொன்ன அந்த மிச்சத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன். ஹேமரில் இருக்கும் சக்தியில் வால்வைத் திறக்கத் தேவைப்பட்டது போக மிச்சம் எவ்வளவோ, அவ்வளவும் எகிறலாகத் திரும்பி வருகிறது.

அந்தச் சோமனூர்ப் பெண்ணின் துப்பாக்கியில் மிச்சம் எங்கிருந்து வந்தது?

வேகம் அளக்கும் க்ரோனோகிராஃபில் வைத்துப் பார்த்தேன். 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 172 மீட்டர். சரியான வேகம், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வேகத்தை மட்டும் பார்க்கிற மெக்கானிக் இங்கே பெட்டியை மூடிக் கொடுத்துவிடுவார். நான் ஹேமர் ஸ்பிரிங்கின் ஸ்க்ரூவைப் பார்த்தேன். அது ஏறக்குறைய கடைசி மரை வரை இறுக்கப்பட்டிருந்தது. தலையில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல். யாரோ பலமாக இறுக்கியிருக்கிறார்கள். நல்ல வேகத்துக்கு இத்தனை இறுக்கம் எதற்கு?

ரெகுலேட்டரைக் கழற்றி டெஸ்ட் மீட்டரில் போட்டேன். 70 பாரில் நிற்கவேண்டியது 58-ல் நின்றது. உள்ளேயிருந்த வாஷர் அடுக்கில் ஒன்று விரிசல் விட்டு உட்கார்ந்துபோயிருந்தது. கதை விளங்கிவிட்டது. அழுத்தம் குறைந்ததால் வேகம் குறைந்திருக்கிறது. எங்கேயோ ஒரு மெக்கானிக், ஏன் குறைந்தது என்று பார்க்காமல், ஸ்க்ரூவை இறுக்கி ஹேமரின் அடியைக் கூட்டி வேகத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்.

அதில் இரண்டு தப்பு ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இந்த இடத்தில் கணக்கு முக்கியம். அந்த வால்வின் சீட் விட்டம் 5 மில்லிமீட்டர். பரப்பளவு கிட்டத்தட்ட 19.6 சதுர மில்லிமீட்டர். 70 பார் அதன்மேல் அழுத்தினால் சுமார் 14 கிலோ எடை உட்கார்ந்த மாதிரி. ஒரு விரல் தடிமன் கூட இல்லாத வால்வின்மேல் அரை மூட்டை சிமெண்டில் பாதிக்கு மேல் சுமை. இரண்டாவது தட்டு இத்தனை சுமையை அசைக்கவேண்டுமானால் நல்ல பலம் வேண்டும். 58 பாரில் அதே சுமை பதினொன்றரைக் கிலோவாகிவிடுகிறது. கதவின் தாழ்ப்பாள் தளர்ந்துவிட்டது, தட்டுகிறவன் கை பலத்துவிட்டது. பிறகு கதவு ஒரு தடவையா திறக்கும்?

சத்தத்தைக் காதால் மட்டும் நம்புவதில்லை. செல்போனை மூன்றடி தள்ளி வைத்து, மைக்கின்மேல் ஒரு துணியை மடித்துப் போட்டு, ஒலியைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் அலையாக விரித்துப் பார்ப்பேன். அந்தத் துப்பாக்கியின் அலையில் முதல் மலைக்குப் பின்னால் 14 மில்லி செகண்டில் ஒரு குன்று, அதற்கப்புறம் இன்னொரு சின்ன மேடு. மூன்று தடவை கதவு திறந்திருக்கிறது. முதலாவது பெல்லட்டுக்கு. மற்ற இரண்டும் யாருக்கும் இல்லை.

ஒரு விஷயத்தில் நான் பலரோடு மாறுபடுகிறேன். இரண்டாவது தட்டால் குறி தப்புகிறது என்று சொல்வார்கள். பெல்லட் குழலை விட்டு வெளியேற 5 மில்லி செகண்ட் கூட ஆகாது. 14-வது மில்லி செகண்டில் நடப்பது அதைத் தொடவே தொடாது. அட்டையில் ஓட்டை தள்ளி விழுவதற்கு அது காரணமாகாது. ஆனால் இரண்டாவது தட்டு இருக்கிறதென்றால் முதல் தட்டு தேவைக்கு மிஞ்சி இருக்கிறது என்று அர்த்தம். அந்த மிஞ்சிய அடி பெல்லட் குழலில் இருக்கும்போதே துப்பாக்கியைக் குலுக்குகிறது. பத்து மீட்டர் அட்டையில் பத்தாம் வளையம் என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி. பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். அந்தப் புள்ளியின் நடுவிலிருந்து எவ்வளவு விலகல் என்பதைத் தசமத்தில், 10.9 வரை எண்ணுகிறார்கள். 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசி ஷாட்டில் 10.8 அடித்துத் தங்கம் வாங்கியதை நாம் எல்லாரும் பார்த்தோம். அந்த அளவு வேலையில் குலுக்கல் சின்னது என்று விட்டுவிட முடியாது. காற்று வீணாவது ஒன்று, நடுவில் சிலிண்டர் மாற்றவேண்டிய பயம் இன்னொன்று. சுடுகிற பிள்ளை மூச்சைப் பார்க்கவேண்டிய நேரத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிச் சுடும்?

வேலையை ரெகுலேட்டரிலிருந்து ஆரம்பித்தேன். வாஷர் அடுக்கை மாற்றி, 70 பாரில் நிற்கவைத்து, இரண்டு நாள் அப்படியே விட்டு, அழுத்தம் மெல்ல ஏறுகிறதா என்று பார்த்தேன். ஏறவில்லை. ஹேமர் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தினேன். அங்கிருந்து அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு நிலையிலும் ஐந்து ஷாட் வைத்து வேகத்தை எழுதினேன். 151. 160. 167. 171. 174. 176. அதற்கு மேல் இறுக்கினாலும் 176. மறுபடி இறுக்கினாலும் 176 தான்.

இந்த எண்களை உற்றுப் பாருங்கள். முதலில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் வேகம் தாவி ஏறுகிறது. போகப்போக ஏற்றம் குறைகிறது. கடைசியில் அடி கூடிக்கொண்டே போனாலும் வேகம் அசையவில்லை. அந்தத் தட்டையான இடத்தில் கொடுக்கும் ஒவ்வொரு அரைச் சுற்றும் வெறும் அடைகல்லில் விழும் சுத்தியல். பெல்லட்டுக்குப் போகாத சக்தி முழுக்கத் திரும்பி எகிறுகிறது. ஆகவே உச்சத்தில் நிற்கக் கூடாது. உச்ச வேகத்தில் நூற்றுக்கு மூன்று அளவு குறைத்து, மேடு தட்டையாக ஆரம்பிக்கும் தோள்பட்டையில் நிறுத்தவேண்டும். 176-க்கு அது 171. பழைய வேகத்திலிருந்து ஒரு மீட்டர்தான் குறைவு. ஆனால் ஸ்க்ரூ முன்பு இருந்த இடத்துக்கும் இப்போது நின்ற இடத்துக்கும் இரண்டரைச் சுற்று வித்தியாசம். ஒலியைப் பதிந்து பார்த்தேன். ஒரே ஒரு மலை. அதற்குப் பின்னால் தரை.

அந்த வாஷர் அடுக்கைத் தவிர எந்தப் புதுச் சாமானும் மாட்டவில்லை. மேசைக்கு வரும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வளவே போதும். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் தொழில் கற்ற காலத்தில் தலைகீழாகச் செய்தேன்.

அப்போது பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் ஒரு காற்று ரைபிள் கொண்டுவந்தார். ரெகுலேட்டர் இல்லாதது. தோப்புக்குள் தகர டப்பாவை வரிசையாக வைத்துச் சுடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒரு தடவை அடைத்தால் 25 ஷாட்தான் வருகிறது, சத்தம் கரகர என்கிறது என்றார். இரண்டாவது தட்டு என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் கைக்குச் சுலபமானதைச் செய்தேன். ஹேமரின் முகத்துக்கும் வால்வு உடலுக்கும் நடுவில் இரண்டு ஓ-ரிங்கைப் போட்டு, எகிறலை ரப்பர் வாங்கிக்கொள்ளும்படி வைத்தேன். சத்தம் சுத்தமானது. அவரும் மகிழ்ந்து போனார்.

ஒரு மாதத்தில் திரும்ப வந்தார். "வேகம் நாளுக்கு நாள் கூடிட்டே போகுதுங்க. குறி மேல மேல ஏறுது." கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் இரண்டும் அடிபட்டு அடிபட்டுத் தோசைக்கல்லில் அழுத்திய மாவு மாதிரித் தட்டையாகியிருந்தன. ரப்பர் மெலிய மெலிய ஹேமர் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது, வால்வு இன்னும் கொஞ்சம் திறக்கிறது, வேகம் கூடுகிறது. நான் எகிறலைக் குறைக்கவில்லை. தேய்ந்துபோகிற ஒரு பொருளிடம் ஒப்படைத்திருந்தேன், அவ்வளவுதான். ரப்பர் மெத்தையை முதல் மருந்தாக யார் சொன்னாலும் இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்வதில்லை. வேறு வழியே இல்லாதபோது வைக்கலாம். வைத்தால் ஐந்நூறு ஷாட்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும்.

அந்தத் துப்பாக்கியில் உண்மையான கோளாறு ஸ்பிரிங் உட்கார்ந்த விதத்தில் இருந்தது. ட்ரிகர் இழுத்து, ஹேமர் ஓய்ந்து நிற்கும் நிலையில்கூட ஸ்பிரிங் அதைத் தண்டின்மேல் அழுத்திக்கொண்டே இருந்தது. ப்ரீலோட் என்போம். ஹேமர் தண்டில் மோதி வால்வைத் திறக்கும் நேரம் முழுக்க ஸ்பிரிங் பின்னால் நின்று தள்ளுகிறது. எகிறித் திரும்பி வரும்போதும் கடைசி மில்லிமீட்டர் வரை தள்ளுகிறது. கதவை மூடப்போனவனை ஒருவன் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பது போல.

சரி, ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கலாமே என்றால், அது உள்ளே தளர்ந்து கிடக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒவ்வொரு விதமாகச் சாய்ந்து உட்காரும், வேகம் ஒன்றுக்கொன்று ஒட்டாது. அதையும் செய்து பார்த்தேன்.

பிறகு செய்ததுதான் இன்றுவரை செய்வது. 6 மில்லிமீட்டர் ஸ்டீல் கம்பியில் ஒரு வழிகாட்டி கடைந்தேன். முன்னால் காளான் மாதிரித் தலை. கம்பியைச் சுற்றி ஸ்பிரிங். பின்பக்கம் மூடியில் ஓட்டை போட்டு, அதன் வழியே கம்பியின் வால் வெளியே வந்து ஒரு நட்டில் முடியும். ஸ்பிரிங் தலைக்கும் மூடிக்கும் நடுவில் முன்பே நன்றாக அமுங்கி நிற்கிறது. ஆனால் நட்டு பிடித்துக்கொள்வதால் குறிப்பிட்ட இடத்துக்கு மேல் முன்னால் வரமுடியாது. அந்த இடம் எது என்பதில்தான் சூட்சுமம். ஹேமர் தண்டைத் தொட்டு நிற்கும்போது, வழிகாட்டியின் தலைக்கும் ஹேமருக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கவேண்டும். நான் வைத்த நட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர். தலை ஹேமரைத் தொடும் வரை கொண்டுவந்து, அங்கிருந்து முக்கால் சுற்றுப் பின்வாங்கினேன். முக்கால் மில்லிமீட்டர்.

இந்த இடைவெளி செய்கிற வேலையைப் பாருங்கள். ஹேமர் ஸ்பிரிங்கின் உதையோடு புறப்பட்டு வருகிறது. கடைசி முக்கால் மில்லிமீட்டரில் ஸ்பிரிங் கையை எடுத்துவிடுகிறது. ஹேமர் தன் வேகத்திலேயே போய் மோதுகிறது. வால்வு திறந்து மூடும்போது பின்னால் யாரும் தள்ளவில்லை, காற்று தன் இஷ்டப்படி மூடிக்கொள்கிறது. எகிறிய ஹேமர் பின்னால் போய், ஏற்கனவே பலமாக அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கில் முட்டி, கொஞ்ச தூரத்திலேயே திரும்புகிறது. திரும்பி வரும்போதும் முக்கால் மில்லிமீட்டர் தனியாக வரவேண்டும். உராய்விலும் மோதலிலும் பலம் இழந்து, தண்டைத் தொடும்போது வால்வின் சுமையை அசைக்க அதற்கு வலு இருப்பதில்லை. தட்டு விழுகிறது, கதவு திறப்பதில்லை.

தென்னந்தோப்புக்காரருக்கு ஒரு அடைப்புக்கு 40 ஷாட் வந்தது. ரப்பர் எதுவும் உள்ளே இல்லை.

இடைவெளியை அதிகமாக வைத்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். இரண்டு மில்லிமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடித்தால் ஹேமர் தன் எடையில் பின்னால் சாய்ந்துவிடுகிறது, கீழ்நோக்கினால் முன்னால் ஒட்டுகிறது, இரண்டு நிலையிலும் ஷாட் ஒன்றுபோல் வருவதில்லை. அரையிலிருந்து ஒன்றுக்குள் நிறுத்துவது என் வழக்கம்.

வழிகாட்டி மாட்ட இடமில்லாத துப்பாக்கிகளும் உண்டு. அவற்றுக்கு ஹேமரையே மாற்றுவேன். தகடு தட்டுகிறவர்கள் 'டெட் ப்ளோ' சுத்தியல் வைத்திருப்பார்கள். தலைக்குள்ளே ஈயக் குண்டு நிரப்பியிருக்கும், அடித்தால் எகிறாது. அதே உத்தி. ஹேமரை உள்ளே குடைந்து, தளர்வாக ஓடும் ஒரு உருளையைப் போட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் விட்டு அடைத்துவிடவேண்டும். வெளி உடல் மோதி எகிற முயலும் நேரத்தில், உள்ளே இருக்கும் உருளை இன்னும் முன்னால் வந்துகொண்டிருக்கிறது. அது வந்து முன்சுவரில் மோதி எகிறலை அங்கேயே அடக்கிவிடும். முதலில் சின்ன ஈயக் குண்டுகளைத்தான் போட்டேன். ஆயிரம் ஷாட்டில் அவை ஒன்றோடொன்று மசிந்து கட்டியாகி, ஓடாமல் ஒட்டிக்கொண்டன. இப்போது ஸ்டீல் உருளை, மொத்தமாக ஒன்றே ஒன்று. இதில் கைவேலை அதிகம், ஹேமரின் எடையும் மாறும், எடை மாறினால் வால்வு திறந்திருக்கும் நேரமும் மாறும். கனமான ஹேமர் நெடுநேரம் திறந்து வைக்கும், லேசானது சட்டென்று விட்டுவிடும். ஆகவே டெட் ப்ளோ போட்ட துப்பாக்கியில் வேகக் கணக்கை முதலிலிருந்து எழுதவேண்டும். வால்வின் மூடும் ஸ்பிரிங்கை வலுவாக்குவது பற்றியும் கேட்பார்கள். பதினாலு கிலோ காற்றுச் சுமைக்கு முன்னால் அந்தச் சின்ன ஸ்பிரிங் எம்மாத்திரம்? அழுத்தம் குறைந்துபோன நிலையில் கொஞ்சம் உதவும், அதோடு சரி.

இந்த வேலையைத் தானே செய்து பார்க்க நினைக்கிற பையன்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். காற்றை முழுக்க இறக்காமல் எந்த ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். சிலிண்டரைக் கழற்றியபின்னும் உள் அறையில் காற்று நிற்கும், சத்தமே வராத வரை வெறுமையாகச் சுட்டுத் தீர்க்கவேண்டும். உள்ளே சிலிக்கோன் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அதிக அழுத்தத்தில் தீப்பற்றும். சிலிண்டரின் மேல் அடித்திருக்கும் கெடு தேதியைப் பாருங்கள். தேதி தாண்டிய சிலிண்டரை நான் மேசைமேல் வைக்கவே விடுவதில்லை.

வேறொரு வகைப் பையன்களும் வருகிறார்கள். "பவர் ஏத்திக் குடுங்ண்ணா" என்பார்கள். எதற்கு என்று கேட்டால் புறா, மைனா, மணிப்புறா. நம் நாட்டில் 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. அதைத் தாண்டினால் ஆயுதச் சட்டம் வரும். பறவையைச் சுட்டால் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரும். சட்டம் இருக்கட்டும், என் மேசையில் சரிசெய்த வால்வு அட்டைக்கும் தகர டப்பாவுக்கும் மட்டுமே. அப்படிக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதில் எனக்கு வருத்தம் இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியபின், அட்டையைச் சுடவேண்டும் என்று வருகிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். எனக்கு அவர்களுக்கே நேரம் போதவில்லை.

சோமனூர்ப் பெண் துப்பாக்கியை வாங்க வந்த நாள், கிளப்பிலேயே ஒரு முழுப் போட்டி அளவுக்குச் சுட்டுப் பார்க்கச் சொன்னேன். சைட்டிங் 25, பிறகு அறுபது. நான் பின்னால் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டேன். டப். டப். எண்பத்தைந்து தடவையும் வால் இல்லை. கடைசி ஷாட் முடிந்து அவள் மீட்டரைப் பார்த்தாள். 146.

"அண்ணா, இடையில ஒருக்காக் கூட மீட்டரைப் பார்க்கலீங்ண்ணா" என்றாள். அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொடுப்பதற்கு முன் பின்கட்டையைக் கழற்றி உட்புற மரத்தில் பென்சிலால் எழுதினேன்: தேதி, ரெகுலேட்டர் 70, ஸ்க்ரூ முழுத் தளர்விலிருந்து ஒன்றரைச் சுற்று, வேகம் 171. எனக்கு முன்னால் அந்த ஸ்க்ரூவை இறுக்கியவர் இப்படி நாலு வார்த்தை எழுதி வைத்திருந்தால் எனக்கு மூன்று நாள் வேலை மிச்சம், அந்தப் பிள்ளைக்கு ஒரு சீசன் மிச்சம். என் தொழில்காரர்களுக்கு என் வேண்டுகோள் இது ஒன்றுதான். ஸ்க்ரூவைத் தொடும் முன் எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணுங்கள். மூடும் முன் எத்தனை சுற்றில் விட்டீர்கள் என்று உள்ளே எழுதுங்கள். பேனா வேண்டாம், எண்ணெய் பட்டால் கரையும். பென்சில் நிற்கும்.